ஷார்ஜாவில் நான் அடைத்த ஓட்டைகள்

ஷார்ஜா விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி உள்ளே கையை விட்டு அடிவரை துழாவினார். பெட்டியில் எனக்கென்று இருந்தவை நாலு சேலையும் ஒரு போத்தல் நார்த்தங்காய் ஊறுகாயும்தான். மீதி முழுக்கக் கட்டம் போட்ட கைலித் துணி. சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக, வெட்டாமல் தைக்காமல் மடிப்பு மடிப்பாக இருந்தது. இத்தனை கைலியும் யாருக்கு என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், ஒரு ஆப்பிரிக்காப் பெண்ணுக்கு என்றேன். அவர் துணியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பெட்டியை மூடிப் போகச் சொல்லிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. நான் பரங்கிப்பேட்டைக்காரி. பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பி அன்சாரி ஷார்ஜாவில், முவைலாவில், துணிக்கடையும் அதற்குள்ளேயே ஒரு தையல் கடையும் வைத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்கு வந்துவிட்டாள். ஒரு மாதம் வந்து சோறாக்கிப் போடு லாத்தா என்று போனில் கெஞ்சினான். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்படியே குறிஞ்சிப்பாடிக்குப் போய் அந்தக் கட்டத் துணியையும் வாங்கிக்கொண்டு வா, இங்கே ஒரு நைஜீரியாப் பிள்ளை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான். சோறு சாக்கு, துணிதான் காரியம் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அந்தத் துணிக்கு என்ன மரியாதை என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பிளைகள் அதைக் கட்டிக்கொண்டு பல் விளக்குவார்கள். பால் வாங்கப் போவார்கள். நைந்துபோனால் அது அடுப்படிக்கு வரும், அதற்கப்புறம் சைக்கிள் துடைக்கும். அதைக் கடல் தாண்டிச் சுமந்து வந்த எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பிள்ளை வந்தாள். முதலில் கடைக்குள் வந்தது நிறங்கள்தான். மஞ்சள் கால்சட்டை, பச்சை நகம், ஆரஞ்சு நூல் சேர்த்துப் பின்னிய நூறு பின்னல், வளையல் அளவுக்குக் காதில் தொங்கட்டம். என்னைப் பார்த்ததும் முழங்காலை லேசாக மடித்து, "குட் மார்னிங், மா" என்றாள். அவர்கள் ஊரில் பெரியவர்களிடம் பேசினால் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'மா' போடாமல் விடமாட்டார்களாம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரி கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. பெயரைக் கேட்டேன். போமா என்றாள். வந்ததும் வராததுமாகப் போமா என்று எப்படி அழைப்பது என்று எனக்கு ஒரே சங்கடம். அன்சாரி அதை அவளுக்கு விளக்கிச் சொன்னான். அன்று முதல் அவள் வாசலில் நின்று தன் பெயரைத் தானே சொல்லி, திரும்பிப் போவதுபோல் இரண்டடி நடந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

துணியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை விரித்துப் பார்க்கவில்லை. முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தாள். நான் வாழ்நாள் முழுக்கத் துணியோடு புழங்கியவள், துணியை நக்கிப் பார்க்கிற வாடிக்கையாளரை அன்றுதான் கண்டேன். அசல்தான் என்றாள். அவள் ஜனங்களுக்குக் கலபாரி என்று பெயர். நைஜீரியாவின் தெற்கே, ஆறு பல கையாகப் பிரிந்து கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறார்கள். எங்கள் கட்டத் துணி அங்கே பல தலைமுறையாகக் கப்பலில் போயிருக்கிறது. அதற்கு அவர்கள் இன்ஜிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டுவார்களாம். ஒரு பெண் வயதுக்கு வந்து சபைக்கு வரும்போதும் அதுதானாம். பெரிய மனிதர் இறந்தால் அவரைக் கிடத்துகிற கட்டிலை அதனால் அலங்கரிப்பார்களாம்.

எங்கள் ஊரில் இதைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார்கள் என்று நான் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்து யாருக்கோ குரல்செய்தி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போனிலிருந்து நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் வந்தது. மறுநாள் அவளுடைய தோழிகள் இரண்டு பேர் கடைக்கு வந்து துணி ஒன்றும் வாங்காமல் என்னை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போமா பக்கத்துத் தெருவில் ஒரு சலூனில் பின்னல் போடுகிற வேலை பார்த்தாள். அந்தச் சலூனை மூடப்போவதாக அதன் கபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, சொல்லிவிட்டார். விசா முடிந்தால் அவள் ஊர் திரும்ப வேண்டியதுதான். அபுதாபியில் ஆப்பிரிக்க உடைகள் விற்கும் கடை வைத்திருக்கிற ஓர் அம்மாள், உன் கையால் செய்த ஒரு துணியையாவது மேடையில் பார்க்கிறேன், பிடித்தால் என் கடைக்கு டிசைன் பண்ண வந்துவிடு, விசா நான் போடுகிறேன் என்றிருக்கிறாள். மேடை என்றால் துபாயில், அல் கூஸில் ஒரு கிடங்கு. சனிக்கிழமைதோறும் நைஜீரியாப் பிள்ளைகள் அங்கே கூடிப் பாட்டும் உடையுமாக ஒரு விழா நடத்துவார்கள். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை போமாவின் முறை. அதற்குத்தான் இந்தத் துணி. இதையெல்லாம் அன்சாரி எனக்கு மீன் ஆய்ந்துகொண்டே சொன்னான். துணியை வைத்து அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துணியை வைத்து என்ன செய்வார்கள், தைப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் தம்பியோடு துபாய்க்குப் போனேன். ஷார்ஜாவிலிருந்து துபாய் போய்ச் சேருவதற்குள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டனும் வைத்துவிடலாம், அவ்வளவு வண்டிகள். அங்கே மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. நான் பாட்டுக்கு அதில் ஏறி, தம்பி தொலைந்துவிடுவானே என்று அவன் கையையும் பிடித்து இழுத்துவிட்டேன். பெட்டி முழுக்கப் பெண்கள். நடுவே அன்சாரி, கையில் என் பையோடு. சீருடை போட்ட ஒரு பெண் அவனிடம் வந்து ஆங்கிலத்தில் பாடம் எடுத்தாள். நான் யாரோ எவளோ என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போமாவின் கூட்டாளி ஒருத்தன் உண்டு, சிடி என்று பெயர். பகலில் ஒரு மாலில் செக்யூரிட்டி. சீருடையில் அவனைப் பார்த்தால் நிறுத்திவைத்த பீரோ மாதிரி அசையாமல் நிற்பான். டூட்டி முடிந்து சட்டை மாற்றினால் வேறு ஆள். முழங்கால் வரை தொங்கும் எம்ப்ராய்டரி ஜிப்பா, கழுத்தில் சிவப்பு மணி, காலில் வெள்ளை ஷூ, ஒரு பக்கம் சாய்த்த தொப்பி. விழாவில் போமாவின் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடப்போகிறவன் அவன்தான். பாட்டு எங்கே கற்றாய் என்று கேட்டேன். சர்ச்சில் அம்மா பாடுவதும், வீட்டில் அப்பா போடும் பழைய கிட்டார் பாட்டும், பஸ் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர் கூவுவதும்தான் தன் பள்ளிக்கூடம் என்றான். கடைக்கு வந்தால் சும்மா இருக்கமாட்டான். அன்சாரி மிஷின் ஓட்டுகிற சத்தத்தைப் போனில் பதிவு செய்வான். கத்தரி வெட்டுகிற சத்தம், நான் துணி உதறுகிற சத்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். பைத்தியம் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை போமா எங்களைத் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஆறு பெண்கள் இருக்கிற அறை. சுவர் முழுக்க உடைகள் தொங்கின. ஜோலோஃப் என்று சிவப்பாக ஒரு சோறு, வறுத்த வாழைப்பழம், கோழி. சோறு நன்றாகவே இருந்தது. பாராட்டுகிற ஆசையில், எங்கள் ஊர்த் தக்காளிச் சோறு மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். கானாக்காரர்களும் இப்படித்தான் பேசுவார்கள் என்று இன்னொருத்தி முனகினாள். அந்தச் சோறு யாருடையது என்று கானாவுக்கும் அவர்களுக்கும் தீராத சண்டையாம். நம் பிரியாணியைப் பார்த்து ஒருவர் மஞ்சள் சோறா என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கிறது. அதற்குத் தண்டனையாக ஒரு மிளகாய்ச் சாந்தை என் தட்டில் வைத்தார்கள். பார்க்கக் குட்டிப் பூசணிபோல் இருக்கிற மிளகாய். ஒரு வாய் வைத்ததும் எனக்குக் கண், மூக்கு, காது எல்லாம் திறந்துகொண்டன. மறுநாள் என் நார்த்தங்காய் ஊறுகாயை அனுப்பிவைத்தேன். அதற்கப்புறம் சமாதானம் ஆனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பை வந்தது. விழாவுக்கு முந்தின வாரம், மதியம் கடை அடைக்கிற நேரத்தில் போமா ஓடிவந்தாள். துணியைப் பையோடு அன்சாரியிடம் கொடுத்து, ஓரம் மட்டும் மடித்து அடித்தால் போதும், மற்றபடி கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு டூட்டிக்கு ஓடினாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அங்கே கடைகளை மதியத்துக்கு மேல் மூடிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். அன்சாரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். எனக்குப் பகல் தூக்கம் பழக்கமில்லை. கடைக்குள்ளேயே உட்கார்ந்து எதையாவது மடித்துக்கொண்டிருப்பேன். அன்று அந்தப் பையை எடுத்துப் பிரித்தேன்.

துணி முழுக்க ஓட்டை. நான் முழுசாகச் சுமந்து வந்த துணி. குறிஞ்சிப்பாடிக் கடைக்காரர் இழை எண்ணிக் காட்டிக் கொடுத்த துணி. அங்கங்கே வெள்ளை இழைகள் மட்டும் இல்லை, சிவப்பும் நீலமும் வலை மாதிரி நிற்கின்றன. எனக்குப் பகீர் என்றது. பூச்சி அரித்துவிட்டது என்று ஒரு நினைப்பு, ஆறு பேர் இருக்கிற அறையில் எலி இருக்காதா என்று இன்னொரு நினைப்பு. பாவம், அந்தப் பிள்ளை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மேடையில் தெரியாமல் ஓரம் அடித்துக் கட்டிவிடலாம் என்று இருக்கிறாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அபுதாபி அம்மாள் வந்து ஓட்டைத் துணியைப் பார்த்தால் இவள் விசா என்ன ஆவது. போதாக்குறைக்கு எங்கள் ஊர்த் துணிக்கு என்ன பெயர் கிடைப்பது.

நான் ஊசியை எடுத்தேன். இழையோட்டுத் தையலில் என்னைக் கேட்டுத்தான் ஜில்லாவில் மற்றவர்கள் ஊசி கோர்ப்பார்கள், இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான். துணியின் விளிம்பிலிருந்தே வெள்ளை இழையை உருவி, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று கோர்த்து, நெய்த மாதிரியே அடைத்துக்கொண்டே போனேன். அன்சாரி தூங்குகிற மதியங்களெல்லாம் எனக்கு இதே வேலை. அவன் அந்த வாரம் பள்ளிச் சீருடைத் தையலில் மூழ்கிக்கிடந்ததால் பையைத் திறக்கவே இல்லை. கடைசி ஓட்டையை அடைத்ததும் துணியை இஸ்திரி போட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கே அடைத்தேன் என்று எனக்கே தடுமாறியது. யாரிடமும் சொல்லவில்லை. போமா அதைப் பிரிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

வியாழக்கிழமை மாலை அவள் வந்தாள், சிடியும் கூட வந்தான். துணியைப் பிரித்தாள். திருப்பினாள். விளக்குக்கு நேரே பிடித்தாள். மறுபடி மோந்து பார்த்தாள். பிறகு அன்சாரியிடம் மெதுவாக, "பாய், இது என்னுடைய துணி இல்லை. மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள்" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே, "ஒன்னோட துணிதாம்மா. ஓட்டை எங்க இருந்துச்சின்னு காட்டு பாப்போம்" என்றேன்.

அன்சாரி அதை மொழிபெயர்க்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். "லாத்தா, என்னா காரியம் செஞ்சிட்டே. அது ஓட்டை இல்ல. அந்தப் புள்ள கையால வெட்டுனது" என்றான்.

பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. நெய்த துணியில் வேண்டாத இழையை மட்டும் ஊசியால் தூக்கி, பிளேடால் வெட்டி, உருவி எடுப்பது கலபாரிப் பெண்களின் வேலைப்பாடு. பெலெத்தே பிதே என்பார்கள். வெட்டிய துணி என்று அர்த்தமாம். எங்கள் நெசவுக்காரர்கள் நெய்து அனுப்புகிறார்கள், இவர்கள் அதிலிருந்து எடுத்துவிட்டு அழகு பார்க்கிறார்கள். அவள் வெட்டியிருந்தது ஆமை. இகாகி என்று அவர்களுடைய பழைய சின்னம். ஓர் ஒழுங்கில்லாமல், மணலிலிருந்து கடலுக்குப் போகிற ஆமைகள் மாதிரி துணியெங்கும் சிதறவிட்டிருந்தாள். பார்த்ததும் ஆமை என்று சொல்லக் கொஞ்சம் கற்பனை வேண்டும் என்பது என் கட்சி. சலூனில் நின்று நின்று கால் வீங்கி வந்த பிறகு, தினமும் கட்டிலில் உட்கார்ந்து வெட்டியவை. அத்தனை ஆமையையும் நான் பாசத்தோடு பிடித்து அடைத்துவிட்டேன்.

போமா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், அழத்தான் செய்தாள், சத்தமில்லாமல். ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு அதற்குப் பாராட்டுக்கும் காத்திருந்தேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்து, மன்னிச்சிக்கம்மா என்று தமிழிலேயே சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தாள்.

"என் அம்மா பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, மம்மி. கோபம் அதுதான். மோசமாகத் தைத்திருந்தால் ஈஸியாகப் பிரித்திருப்பேன்" என்றாள். அப்புறம் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "மம்மி, பிளேடு இருக்கிறதா?"

வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. வெட்டும் மேஜையில் துணியை விரித்தோம். ஆமைகள் எங்கே என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கண்ணால் பார்த்தால் எனக்கும் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். ஊசி போன இடத்தில் துணி ஒரு பொட்டுக் கனமாக இருக்கும். நான் கண்ணை மூடித் தடவிச் சொல்வேன், போமா சுண்ணாம்புக் கட்டியால் குறிப்பாள், அன்சாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இழையைத் தூக்குவான், அவள் வெட்டுவாள். நான் போட்ட தையலை நானே காட்டிக்கொடுப்பது திருடன் போலீசுக்கு வழி காட்டுகிற மாதிரி இருந்தது. சிடி நடுநடுவே வந்து துணியை இழுத்துப் பார்த்தான். அவன் இழுத்தால் என் விரல் இடம் மாறிவிடும். "ஏய், கைய எடு" என்று ஒரு அதட்டுப் போட்டேன். கையை எடுத்தான், பத்து நிமிஷத்தில் மறுபடி வைத்தான். அன்று முழுக்க எத்தனை தடவை "கைய எடு" சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவன் போனை மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வரை வேலை நடந்தது. போமா மேடை வேலைகளுக்காக முன்னால் போய்விட்டாள், ஓரம் அடித்துத் துணியைக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு. கடைசியாக ஒரு ஆமை அகப்படாமல் போக்குக் காட்டியது. டாக்ஸி வந்து வாசலில் ஹார்ன் அடிக்கிற நேரத்தில் விரலில் பட்டது. தலையையும் முன்னங்கால்களையும் திறந்தேன், உடம்பைத் திறக்க நேரமில்லை. பாதி ஆமையோடு துணியை மடித்துக் கொண்டு ஓடினோம்.

டாக்ஸிக்காரர் எங்களை அல் கூஸில் ஒரு கிடங்கு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் டயர். அல் கூஸில் எல்லாக் கிடங்கும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே தகரம், ஒரே ஷட்டர். வெயிலில் இரண்டு தெரு நடந்தோம். போமா போனில் அழைக்க அழைக்க அன்சாரி, இதோ வந்துவிட்டோம் என்று வாய் கூசாமல் சொன்னான். அப்போது ஒரு கம்பெனி பஸ் பக்கத்தில் நின்றது. டூட்டி முடிந்து கேம்ப்புக்குத் திரும்புகிற ஆட்கள், நீல நிற வேலைச் சட்டையில், தலையில் துண்டோடு. சேலை கட்டிய பொம்பளை அந்த இடத்தில் நடப்பதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

"எங்கம்மா போவணும்? இங்க ஒண்ணும் கெடையாதே" என்றார் டிரைவர். அவரும் பஸ்ஸில் இருந்தவர்களும் அரியலூர்ப் பக்கத்துக்காரர்கள். பாட்டுச் சத்தம் கேட்கிற கிடங்கு தனக்குத் தெரியும் என்று ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது, கச்சேரியா, நாங்களும் எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். நான் கல்யாணவீட்டுக்காரி மாதிரி எல்லோரையும் வாங்க வாங்க என்று உள்ளே கூட்டிப்போனேன்.

உள்ளே அப்படி ஒரு உடைக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பாய்மரம்போல் விறைத்து நிற்கும் தலைத்துணி கட்டிய பெண்கள். ஒரே துணியில் உடை தைத்துப் போட்டுவந்த பத்துத் தோழிகள். கோட்டுக்கு மேல் அம்மாவின் பழைய லேஸ் துணியைப் போர்த்திய பையன். எங்கள் அரியலூர் ஆட்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். இரண்டு பெண்கள் அவர்களிடம் போய், சாயம் போன இந்த நீலச் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியிலதான் குடுக்குறாங்க, வேணும்னா ஒண்ணு தரேன் என்று ஒருவர் சொன்னார்.

சிடி துணியை இடுப்பில் கட்டி, மேலே நீள வெள்ளைச் சட்டை போட்டு, கையில் பிரம்போடு மேடைக்கு வந்தான். விளக்கு அவன் பின்னால் எரிந்தது. அதுவரை நானும் துணியை மேஜையில்தான் பார்த்திருந்தேன். விளக்கு ஊடுருவியதும் ஆமைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன. அவன் திரும்பினால் அவையும் திரும்பின. இதையா எலி என்று நினைத்தேன்.

பாட்டு தொடங்கியது. முதலில் அன்சாரியின் மிஷின் சத்தம், அதன் மேல் டிரம், அதன் மேல் கிட்டார். கொஞ்சம் ஏறியதும் எல்லாம் சட்டென்று நின்றது. ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது. "கைய எடு." மறுபடி டிரம். மறுபடி நான். "ஏய், கைய எடு." இரண்டாவது சுற்றிலேயே கூட்டம் பிடித்துக்கொண்டது. அத்தனை பிள்ளைகளும் கையை மேலே தூக்கி, கைய எடு, கைய எடு என்று கத்தினார்கள். அர்த்தம் தெரிந்தவர்கள் அரியலூர் ஆட்கள்தான், அவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்சாரி என் காதில், இது ஊர் ஜமாத்துக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்றான். அவர்களையும் கைய எடுக்கச் சொல்லு என்றேன்.

பாட்டு முடிந்ததும் அபுதாபி அம்மாள் வந்தாள். உயரமான பெண், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். அம்மாள் விரல் சரியாக அந்தப் பாதி ஆமையில் வந்து நின்றது. மற்றதெல்லாம் முழுசாக இருக்க இது மட்டும் ஏன் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டாள். நான் அன்சாரியின் முழங்கையைக் கிள்ளினேன்.

போமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "அது எங்கள் வழக்கம், மா. துணி எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்க்காரிக்காக ஒன்றைப் பாதியில் விட்டுவிடுவோம். மீதியை அவள் கை மூடி வைத்திருக்கிறது என்று அர்த்தம்" என்றாள்.

அம்மாள் என் பக்கம் திரும்பி, அப்படியா என்பதுபோல் பார்த்தாள். நான் பள்ளி இன்ஸ்பெக்டர் முன்னால் தலையாட்டுகிற மாதிரி மெதுவாகத் தலையாட்டினேன். அம்மாள் போமாவிடம், எத்தனை துணி செய்தாலும் அந்தப் பாதி ஆமையை மறந்துவிடாதே, எல்லாவற்றிலும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் போமா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இந்த வயதில் நானும் குதித்தேன். அப்படி ஒரு வழக்கம் கலபாரிக்காரர்களிடம் கிடையவே கிடையாது, அன்று மாலை அல் கூஸில் பிறந்தது என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் ஒரு துண்டுத் துணி கொடுத்தாள், தோளில் போட்டுக்கொள்கிற அளவு. மிச்சமிருந்த கட்டத் துணியில் சின்னச் சின்ன ஆமைகள் வெட்டியிருந்தாள். பால் வாங்கப் போகும்போது போட்டுக்கொள் மம்மி என்றாள். பரங்கிப்பேட்டைக்கு வந்ததும் எல்லோருக்கும் கொண்டுவந்ததைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதை நாற்காலியில் மடித்துப் போட்டேன். பயண அலுப்பில் அன்று பகலிலேயே தூங்கிவிட்டேன், அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

எழுந்து வந்து பார்த்தால் என் மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் துணி, கையில் ஊசி. "அங்கேருந்து வர்றதுக்குள்ள பாச்சை அரிச்சிருச்சு போல மாமி. நீங்க பாத்தா வருத்தப்படுவீங்கன்னு பாதிக்கு மேல அடைச்சிட்டேன்" என்றாள். முகமெல்லாம் பாராட்டுக்குக் காத்திருக்கிற சிரிப்பு.

"கைய எடு" என்றேன்.

அவள் பயந்து கையை எடுத்தாள். நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒன் புருஷன் ஷேவிங் பண்ற பிளேடு ஒண்ணு கொண்டா என்று அனுப்பிவிட்டு, கண்ணை மூடித் துணியைத் தடவத் தொடங்கினேன். அவள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் தையல் படித்தவள். அடைத்தவற்றில் ஒரு ஆமையை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.